ராக்கெட்டும் மனித விண்வெளிப் பயணமும்: கொடைக்கானலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலில் மேகம் விலகிய மாலைகளில் வானம் பார்க்கக் கூடுகிறவர்களிடமும், பள்ளி அறிவியல் வகுப்புகளிலும் ராக்கெட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே ஐயங்கள்தாம் திரும்பத் திரும்ப எழுகின்றன. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டும் கேரட்டும் பயிரிடுவோர், அவர்களுடைய பிள்ளைகள், சூரிய ஆய்வகத்தைப் பார்த்துவிட்டு வரும் வெளியூர்க்காரர்கள் என்று பலரும் கேட்டவை இவை. கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே வைத்துப் பதில்களைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். முன்னால் சொன்ன விளக்கம் பின்னால் தேவைப்படும் இடங்களில் கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. டீச்சர், விமானமும் பறக்குது, ராக்கெட்டும் பறக்குது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

விமானம் காற்றை நம்பிப் பறக்கிறது. அதன் இறக்கையைத் தாங்குவதும் காற்று. எஞ்சினில் எரிபொருள் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொடுப்பதும் காற்று. ராக்கெட் எரிபொருளோடு அதை எரிப்பதற்கான ஆக்சிஜனையும், அல்லது ஆக்சிஜனைத் தரக்கூடிய வேதிப்பொருளையும், தானே சுமந்து செல்கிறது. எரிந்த வாயு பின்பக்கமாக மிகுந்த வேகத்தில் வெளியேறும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, ராக்கெட் எதிர்த்திசையில் தள்ளப்படுகிறது.

இந்தத் தள்ளலுக்கு வெளியே காற்று இருக்க வேண்டிய தேவையே இல்லை. "வெற்றிடத்தில் எதைப் பிடித்துத் தள்ளும்?" என்ற ஐயம் மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. 1920-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற நாளேடான நியூயார்க் டைம்ஸ், இதே ஐயத்தை வைத்து ராபர்ட் கோடார்ட் என்ற அறிஞரைத் தலையங்கத்தில் ஏளனம் செய்தது. அப்போலோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 1969 ஜூலையில்தான் அந்த ஏடு தன் பிழையைத் திருத்தி வெளியிட்டது. கோடார்ட் அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.

2. நாம ஏற்கெனவே ஏழாயிரம் அடி உசரத்துல இருக்கோமே, ராக்கெட்டை இங்கேருந்து விட்டா எரிபொருள் மிச்சமாகாதா?

இந்த மலையில் வேறெந்தக் கேள்வியையும்விட அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். கேட்பவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன், தயங்க வேண்டியதில்லை. விண்வெளிப் பயணத்தின் சாரமே இதற்கான பதிலில்தான் இருக்கிறது.

விண்வெளிக்குப் போவது என்றால் உயரப் போவது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் உயரம் இதில் சிறிய பங்கு. பெரிய பங்கு வேகம். பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. வெறுமனே அந்த உயரத்துக்கு மட்டும் ஒரு பொருளை ஏற்றிவிட்டால் அது நேராகக் கீழே விழுந்துவிடும். விழாமல் சுற்றிக்கொண்டிருக்க வேண்டுமானால், நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓட வேண்டும். அந்த வேகத்தைக் கொடுப்பதற்கு ஆகும் ஆற்றல், அந்த உயரத்துக்கு ஏற்றுவதற்கு ஆகும் ஆற்றலைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து 2.1 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மொத்த ஆற்றலில் இந்த உயரம் மிச்சப்படுத்துவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தொட்டபெட்டா உச்சியின் 2,637 மீட்டரும் இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது. இங்கே காற்று கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அடர்த்தி குறைந்தது என்பதால் எஞ்சினுக்குச் சிறு நன்மை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தச் சிறு நன்மையை மற்றவை விழுங்கிவிடும். இந்தியாவின் பெரிய ராக்கெட்டான எல்.வி.எம்.3-இன் பக்கவாட்டுத் திட எரிபொருள் பகுதிகள் மூன்று மீட்டருக்கும் அதிகமான விட்டம் கொண்டவை. அவற்றை வத்தலக்குண்டிலிருந்து நம் கொண்டை ஊசி வளைவுகள் வழியாகக் கொண்டுவருவதை நினைத்துப் பாருங்கள். அதைவிட முக்கியமானது பாதுகாப்பு. புவி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், கிழக்கே ஏவினால் அந்தச் சுழற்சியின் வேகம், நம் பகுதியில் நொடிக்கு 450 மீட்டருக்குச் சற்று மேல், இலவசமாகக் கிடைக்கிறது. இங்கிருந்து கிழக்கே ஏவினால் எரிந்து கழன்ற பகுதிகள் திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கம் ஊர்களின் மேல் விழும். ஆகவேதான் கிழக்கே கடல் இருக்கும் இடங்களை உலகம் முழுவதும் தேடுகிறார்கள்.

3. அங்க புவியீர்ப்பு இல்லாததாலதானே விண்வெளி வீரர்கள் மிதக்கிறாங்க?

இல்லை. 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு விசை தரையில் இருப்பதில் ஏறத்தாழ 89 விழுக்காடு இருக்கிறது. அங்கே ஈர்ப்பு இல்லையென்றால் விண்வெளி நிலையம் சுற்றவே செய்யாது, நேர்கோட்டில் விலகிப் போய்விடும்.

நியூட்டன் ஒரு கற்பனையை முன்வைத்தார். மிக உயர்ந்த மலை ஒன்றின் உச்சியில் பீரங்கியை வைத்துக் கிடைமட்டமாகச் சுட்டால் குண்டு சற்றுத் தொலைவில் விழும். இன்னும் வேகமாகச் சுட்டால் இன்னும் தொலைவில் விழும். போதிய வேகம் கொடுத்தால், குண்டு விழ விழ உருண்டையான புவியின் தரையும் அதே அளவு வளைந்து விலகிக்கொண்டே போகும், குண்டு தரையைத் தொடவே தொடாது. விண்வெளி நிலையமும் அதனுள் இருப்பவர்களும் இப்படித்தான் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து ஒரே வேகத்தில் விழுவதால் எடை தெரிவதில்லை. அதைத்தான் மிதப்பதாகக் காண்கிறோம்.

அந்த நிலையம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை புவியைச் சுற்றுகிறது. நம் வானத்தின் மேல் அது கடக்கும் நாள்களில், பொழுது சாய்ந்த சற்று நேரத்திலோ விடிவதற்குச் சற்று முன்போ, மின்னாமல் நகரும் பிரகாசமான புள்ளியாக வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

4. அவ்வளவு பெரிய ராக்கெட்டு, மேல போறது மட்டும் ஏன் இத்தனூண்டா இருக்கு?

வழியில் எங்கும் டீசல் கிடைக்காத ஒரு மலைப்பாதையில் ஏறும் லாரியை எண்ணிக்கொள்ளுங்கள். முழுப் பயணத்துக்குமான டீசலை அதுவே சுமக்க வேண்டும். சுமக்கும் டீசலின் எடையை இழுக்க மேலும் டீசல் வேண்டும். அந்த டீசலைச் சுமக்க இன்னும் கொஞ்சம். ராக்கெட்டின் நிலைமை இதுவே. இந்தப் பெருக்கத்தைக் கணக்கிடும் சமன்பாட்டை, காது கேளாத ரஷ்யப் பள்ளி ஆசிரியரான கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்டார். அவர் தம் வாழ்நாளில் ஒரு ராக்கெட்டையும் ஏவியதில்லை.

2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3-ஐ ஏற்றிச் சென்ற எல்.வி.எம்.3 ராக்கெட்டின் எடை ஏறத்தாழ 640 டன். கலத்தின் எடை 3,900 கிலோ. அதாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எரிந்து தீர்ந்த பகுதியை வீணாகச் சுமக்காமல் கழற்றிவிட்டுக்கொண்டே போவதால்தான் இந்த அளவாவது முடிகிறது. ராக்கெட்டைப் பல அடுக்குகளாகக் கட்டுவதற்குக் காரணம் அதுதான்.

5. ராக்கெட்டைக் கண்டுபிடிச்சதே திப்பு சுல்தான்தான்னு சொல்றாங்களே, நெசமா?

முதலில் கண்டுபிடித்தவர்கள் சீனர்கள். வெடிமருந்து நிரப்பிய அம்புகளை அவர்கள் 13ஆம் நூற்றாண்டிலேயே போரில் பயன்படுத்தினார்கள். ஆனால் மைசூர் செய்தது சிறிய காரியமன்று. மூங்கிலுக்கும் காகிதக் குழலுக்கும் பதிலாக இரும்புக் குழல்களைப் பயன்படுத்தியதால் வெடிமருந்தைக் கூடுதல் அழுத்தத்தில் அடைக்க முடிந்தது; ராக்கெட் அதிக தொலைவு பாய்ந்தது. 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படையிடம் ஆங்கிலேயப் படை தோற்றபோது இந்த ராக்கெட்டுகளும் களத்தில் இருந்தன. அந்த ஹைதர் அலி 1755-இல் நம் மலையடிவாரத்துத் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக, அதாவது படைத் தலைமை அதிகாரியாக, இருந்தவர் என்பதைத் திண்டுக்கல் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறவர்கள் அங்கேயே சொல்லிக் கொடுக்கலாம்.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றை ஆராய்ந்துதான் வில்லியம் காங்கிரீவ் தம் பெயரில் புகழ்பெற்ற ராக்கெட்டை உருவாக்கினார். ஆகவே, கண்டுபிடித்தவர் என்று சொல்வதைவிட, ஐரோப்பாவுக்கு ராக்கெட்டின் வலிமையை உணர்த்தியவர்கள் மைசூர்க்காரர்கள் என்று சொல்வதே சரி. அதுவே போதிய பெருமை.

6. அப்ப இந்தக் காலத்து ராக்கெட்டை யார்தான் செஞ்சாங்க?

ஒருவர் அல்லர். சியோல்கோவ்ஸ்கியின் கணக்கை மேலே பார்த்தோம். முதல் கேள்வியில் சொன்ன கோடார்ட், 1926 மார்ச் 16 அன்று பெட்ரோலும் திரவ ஆக்சிஜனும் கொண்டு உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏவினார். அது இரண்டரை நொடி பறந்து, ஏறத்தாழ 12 மீட்டர் உயரம் எழுந்து, ஒரு முட்டைக்கோசுத் தோட்டத்தில் விழுந்தது.

அடுத்த பெரும் பாய்ச்சல் போரிலிருந்து வந்தது. ஜெர்மனியில் வெர்னர் ஃபான் பிரவுன் தலைமையில் உருவான வி-2 ஏவுகணை 1944-இல், மனிதர் செய்த பொருள்களில் முதன்முதலாக 100 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டியது. அதைக் கட்டுவதற்கு வதைமுகாம் கைதிகளைச் சுரங்கங்களில் அடிமைகளாக வேலை வாங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் அங்கே மடிந்தார்கள். போருக்குப் பின் ஃபான் பிரவுன் அமெரிக்காவுக்குச் சென்று, நிலவுக்கு மனிதரை ஏற்றிய சாட்டர்ன் 5 ராக்கெட்டை உருவாக்கினார். அந்த வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லும்போது முதல் பாதியை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சோவியத் நாட்டில் இதே பணியைச் செய்தவர் செர்கேய் கொரலியோவ். ஸ்டாலின் காலத்தில் சிறை முகாமில் வாடியவர். 1966-இல் அவர் இறக்கும் வரை அவருடைய பெயரே உலகுக்கு மறைக்கப்பட்டிருந்தது.

7. முதல்ல போனது ரஷ்யாவா அமெரிக்காவா?

நிலவில் கால் வைத்ததைத் தவிர ஏறத்தாழ எல்லாவற்றிலும் சோவியத் நாடுதான் முதல். 1957 அக்டோபர் 4 அன்று முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக். 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின், 108 நிமிடப் பயணம். 1963-இல் முதல் பெண்ணான வாலன்டினா தெரஷ்கோவா. 1965-இல் கலத்துக்கு வெளியே மிதந்த அலெக்சேய் லியோனவ். அமெரிக்காவின் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் 1969 ஜூலை 20 அன்று நிலவில் இறங்கினார்கள்.

8. நிலாவுக்குப் போனதே பொய், ஸ்டுடியோல எடுத்த படம்னு வாட்ஸப்பில வருதே? காத்தில்லாத இடத்துல கொடி எப்படி ஆடும்?

கொடியின் மேல் விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பி கோக்கப்பட்டிருந்தது. தொங்கிவிடாமல் விரிந்து நிற்பதற்காகவே அதைச் செய்தார்கள். கம்பத்தை நடும்போது ஏற்பட்ட அசைவு, தடுக்கக் காற்று இல்லாததால் சற்று நேரம் நீடித்தது.

சான்றுகளைக் கேட்பவர்களுக்கு மூன்றைச் சொல்வேன். ஆறு பயணங்களில் கொண்டுவரப்பட்ட 382 கிலோ பாறையையும் மண்ணையும் பல நாட்டு ஆய்வகங்கள் ஆராய்ந்திருக்கின்றன. வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களின் மேல் இன்றும் லேசர் ஒளியைப் பாய்ச்சி நிலவின் தொலைவை அளக்கிறார்கள். நம் நாட்டுச் சந்திரயான்-2 சுற்றுகலன், அப்போலோ 11 இறங்கிய இடத்தையும் அங்கே நிற்கும் அடிப்பகுதியையும் படம் எடுத்திருக்கிறது. போட்டியாளரான சோவியத் நாடு அந்தப் பயணத்தைக் கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தது. பொய்யாக இருந்திருந்தால் முதலில் அறிவித்திருக்கக்கூடியவர்கள் அவர்களே.

9. அப்படி நெசமாவே போயிருந்தா, அதுக்கப்புறம் ஏன் யாரும் நிலாவுல கால் வைக்கல?

அப்போலோ திட்டத்தின் உந்துதல் அரசியல். 1960-களின் நடுவில் அமெரிக்க மத்திய அரசின் செலவில் நூற்றுக்கு நான்கு பங்குக்கும் மேல் விண்வெளிக்குப் போயிற்று. முந்திவிட்டோம் என்று ஆனவுடன் அந்த அளவு பணம் தர யாருக்கும் மனமில்லை. 1972 டிசம்பரில் அப்போலோ 17-உடன் நிலவுப் பயணங்கள் நின்றன. மொத்தம் 12 பேர் நிலவில் நடந்திருக்கிறார்கள்.

ஆனால் மனிதர் விண்வெளிக்குப் போவது நிற்கவில்லை. 1971-இல் சோவியத்தின் சல்யூட் 1 முதல் விண்வெளி நிலையமாயிற்று, பின்னர் மீர், 2000 நவம்பர் 2 முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. நிலவுக்குத் திரும்பும் முயற்சியில் அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் திட்டம் 2022 நவம்பரில் ஆளில்லாத கலத்தை நிலவைச் சுற்றிவர அனுப்பியது. சீனா 2030-க்குள் தன் வீரர்களை இறக்கத் திட்டமிட்டிருக்கிறது. இந்தியா வைத்துள்ள இலக்கு 2040.

10. கல்பனா சாவ்லா போன ஓடம் திரும்பி வர்றப்ப ஏன் எரிஞ்சுது?

இரண்டாம் கேள்வியில் சொன்ன வேகத்தை மீண்டும் நினைவில் கொள்ளுங்கள். மேலே போகும்போது அவ்வளவு எரிபொருளை எரித்துப் பெற்ற வேகம் முழுவதையும் கீழே வரும்போது காற்றிடம் இழக்க வேண்டும். அந்த ஆற்றல் வெப்பமாகிறது; கலத்துக்கு முன்னால் நெருக்கப்படும் காற்று ஆயிரம் டிகிரிக்கும் மேல் சூடாகிறது. கல்பனா சென்ற கொலம்பியா ஓடம் 2003 ஜனவரி 16 அன்று புறப்பட்ட 82 நொடிகளில், வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதி ஓட்டை உண்டாக்கியது. பிப்ரவரி 1 அன்று திரும்புகையில் அந்த ஓட்டை வழியே வெப்பம் உள்ளே நுழைந்து இறக்கையைச் சிதைத்தது. கல்பனாவையும் சேர்த்து ஏழு பேர் இறந்தார்கள்.

நுரை பெயர்வது அதற்கு முன்பும் நடந்திருந்தது. ஒன்றும் ஆகவில்லையே என்று பழகிப்போனார்கள். 1986 ஜனவரி 28 அன்று 73 நொடியில் சிதறிய மற்றோர் அமெரிக்க ஓடமான சேலஞ்சரின் கதையும் இதை ஒத்ததே. கடுங்குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகி அடைப்பு தளரும் என்று பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்தும் ஏவினார்கள். இந்த இரண்டு விபத்துகளிலும் அறிவியல் தெரியாமல் போகவில்லை. தெரிந்தவர்கள் சொன்னது காதில் ஏறவில்லை. இதை எந்த வகுப்பிலும் நான் விரைந்து கடப்பதில்லை.

11. இந்தியாவுல ஏன் முதல்ல தும்பா, அப்புறம் ஸ்ரீஹரிகோட்டா, இப்ப குலசேகரப்பட்டினம்?

மூன்று இடங்களுக்கும் காரணம் வேறு. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா, புவியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. அந்தக் கோட்டின் மேல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் வலிமையான மின்னோட்டம் ஒன்று பாய்கிறது; பலூனுக்கு எட்டாத உயரம், செயற்கைக்கோளுக்குத் தாழ்ந்த உயரம் என்பதால் அதை நேரில் அளக்கச் சிறு ராக்கெட் ஒன்றுதான் வழி. விக்ரம் சாராபாய் அந்த இடத்தைத் தேர்ந்தார். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. கொடைக்கானலும் அந்தக் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால்தான் நம் ஆய்வகத்தில் காந்தப்புலத்தையும் அயனி மண்டலத்தையும் நெடுங்காலம் அளந்து வந்தார்கள்.

ஸ்ரீஹரிகோட்டாவின் சிறப்பு கிழக்கே விரியும் கடல். 1980 ஜூலை 18 அன்று அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 அங்கிருந்துதான் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. ஆனால் தெற்கு நோக்கித் துருவப் பாதையில் ஏவும்போது நேர்கீழே இலங்கை வருகிறது. அதைச் சுற்றி வளைத்துப் போக எரிபொருள் வீணாகிறது. பெரிய ராக்கெட் அதைத் தாங்கும், சிறிய ராக்கெட்டால் தாங்க முடியாது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்திலிருந்து தெற்கே நேராகக் கடல்தான். 2024 பிப்ரவரியில் அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. எஞ்சின்களைச் சோதித்துப் பார்ப்பது மட்டும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், மகேந்திரகிரியில் நடக்கிறது.

12. நம்ம கொடைக்கானல் ஆய்வகத்துக்கும் ஊட்டி டெலஸ்கோப்புக்கும் மனுஷங்க விண்வெளிக்குப் போறதுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியான சம்பந்தம் உண்டு. அதைப் பலரும் அறியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம். புவியின் காந்தப்புலத்தைத் தாண்டிச் செல்லும் மனிதருக்குப் பெரிய ஆபத்துகளில் ஒன்று சூரியனிடமிருந்து வருகிறது. 1972 ஏப்ரலில் அப்போலோ 16 திரும்பியது. டிசம்பரில் அப்போலோ 17 புறப்பட்டது. இடையே ஆகஸ்டில் சூரியனில் மிகக் கடுமையான புயல் ஒன்று வீசியது. அந்த நேரத்தில் நிலவின் தரையில் யாராவது இருந்திருந்தால் கதிர்வீச்சால் கடும் உடல்நலக் கேட்டுக்கு ஆளாகியிருக்கக்கூடும். ஆகவே தொலைதூரப் பயணம் போக வேண்டுமானால் சூரியனைப் படிக்க வேண்டும், அதுவும் தலைமுறைகளாகப் படிக்க வேண்டும்.

கொடைக்கானல் ஆய்வகம் 1899-இல் தொடங்கப்பட்டது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கேதான் கண்டறிந்தார். உலகப் பாடநூல்களில் அது அவர் பெயரிலேயே வழங்குகிறது. நூறாண்டுக்கும் மேலாக இங்கே எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இன்று கணினியில் ஏற்றப்பட்டு ஆராயப்படுகின்றன. இந்த ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே, 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியது. கலம் 2024 ஜனவரி 6 அன்று புவியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் இடத்தை அடைந்தது. அதன் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டையைச் சேர்ந்தவர்.

ஊட்டிக்கு அருகே முத்தோரையில் இருக்கும் வானொலித் தொலைநோக்கி கோவிந்த் ஸ்வரூப் உருவாக்கியது. 1970-இல் செயல்படத் தொடங்கியது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள அதை வேண்டுமென்றே ஏறத்தாழ 11 டிகிரி சரிந்த மலைச்சரிவில் அமைத்தார்கள். அந்தச் சரிவு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமம் என்பதால் தொலைநோக்கியின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாகிறது. ஒரே திசையில் திருப்பிக்கொண்டே வான்பொருளை மணிக்கணக்கில் தொடர முடிகிறது. தொலைதூர வான்பொருள்களிலிருந்து வரும் வானொலி அலைகள், சூரியனிலிருந்து ஓயாமல் வெளியேறும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்றின் ஊடே வரும்போது மினுக்கும். அந்த மினுக்கத்தை அளந்து, சூரியனிலிருந்து கிளம்பிய புயல் புவியை நோக்கி வருவதை வழியிலேயே அறிகிறார்கள். விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் நுண்துகள்களான அண்டக்கதிர்களை ஆராயும், ஊட்டியிலேயே உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம், 2015 ஜூன் 22 அன்று அப்படி ஒரு புயல் புவியின் காந்தப்புலத்தைச் சற்றே தளர்த்தியபோது கூடுதலாக நுழைந்த அண்டக்கதிர்களைப் பதிவுசெய்தது.

13. ககன்யான்ல யாரெல்லாம் போறாங்க? ராகேஷ் சர்மா ஏற்கெனவே போயிட்டாரே, இதுல என்ன புதுசு?

ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3 அன்று சோவியத் கலத்தில் சென்றார். சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று அமெரிக்க மண்ணிலிருந்து ஏவப்பட்ட கலத்தில் பன்னாட்டு நிலையத்துக்குச் சென்று ஜூலை 15 அன்று திரும்பினார். இருவரும் பிறர் கட்டிய வாகனத்தில் போனவர்கள். ககன்யான், நம் ராக்கெட்டில், நம் கலத்தில், நம் மண்ணிலிருந்து அனுப்பும் திட்டம். இதற்குத் தேர்வானவர்கள் பிரசாந்த் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா ஆகிய நால்வர். அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். குன்னூரை அடுத்த வெலிங்டன் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் பயின்றவர்.

புதுமை ராக்கெட்டின் வலிமையில் இல்லை. எல்.வி.எம்.3 ஏற்கெனவே இருக்கிறது. கடினமானது மனிதரை நம்பி ஏற்றும் அளவுக்கு ஒவ்வொரு பாகத்தையும் சோதிப்பதும், மூச்சுக்காற்றைச் சீராக்குவதும், ஏதேனும் கெட்டால் வீரர்களை நொடிகளில் பிரித்து விலக்குவதும்தான். 2023 அக்டோபர் 21 அன்று நடந்த தப்பிப்புச் சோதனையில் கலம் திட்டமிட்டபடி பிரிந்து வங்கக் கடலில் இறங்கி மீட்கப்பட்டது. ஆளில்லாப் பயணங்களை முடித்த பிறகே ஆள் ஏறுவார்கள். தாமதமாகிறதே என்று சலித்துக்கொள்பவர்கள் பத்தாம் பதிலை மீண்டும் படிக்க வேண்டும்.

14. மேல போன ராக்கெட்டைத் திரும்ப நிக்க வச்சு இறக்குறாங்களே, அதுல என்ன லாபம்?

ராக்கெட்டின் செலவில் எரிபொருளின் பங்கு சிறியது. எஞ்சின்களும் உடற்பகுதியுமே விலை உயர்ந்தவை. அவற்றை ஒரே பயணத்தில் கடலில் எறிவதைத் தவிர்ப்பதுதான் லாபம். 2015 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9, செயற்கைக்கோள்களை ஏற்றிவிட்டு முதல் அடுக்கைத் தரையில் நிறுத்தியது. 2017-இல் அப்படி மீண்ட அடுக்கை மறுபடி ஏவினார்கள். திரும்பி இறங்கவும் கொஞ்சம் எரிபொருளை மிச்சம் வைக்க வேண்டியிருப்பதால், நான்காம் பதிலில் சொன்ன கணக்குப்படி, ஏற்றிச் செல்லும் எடை குறையும். அடிக்கடி ஏவினால்தான் கட்டுப்படியாகும். நம் நாட்டில் புஷ்பக் என்ற இறக்கையுள்ள சோதனை ஊர்தி சித்திரதுர்காவில் 2023-இலும் 2024-இலும் தானாகவே ஓடுபாதையில் இறங்கிக் காட்டியது.

15. சோத்துக்கே வழியில்லாதவங்க இருக்கிற நாட்டுல இவ்வளவு செலவு தேவையா?

இதைக் கோபத்தோடு கேட்பவர்களும் உண்டு. கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. செயற்கைக்கோள்களைப் பற்றிய வரை பதில் தெளிவானது. 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013-இல் அதே கரையைத் தாக்கிய ஃபைலின் புயலின் பாதையைச் செயற்கைக்கோள் படங்களோடு முன்கூட்டியே கணித்து, லட்சக்கணக்கானோரை வெளியேற்றியதால் உயிரிழப்பு நூறுக்கும் மிகக் கீழே நின்றது. 2018 நவம்பரில் கஜா புயல் நம் மலை வரை ஏறி மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு முன்னறிவிப்பின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

மனிதரை அனுப்புவது அவ்வளவு எளிதாக நியாயப்படுத்தக்கூடியதன்று. சந்திரயான்-3-க்கு ஆன செலவு ஏறத்தாழ 615 கோடி ரூபாய்; ககன்யான் திட்டத்துக்கு, விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து, 20,193 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பரவும் தொகைதான் என்றாலும் சிறிய தொகையன்று. மனிதரை உயிரோடு கொண்டுபோய்க் கொண்டுவரும் திறனை இப்போது கட்டாவிட்டால், பிறகு பிறரிடம் இடம் கேட்டு நிற்க நேரும் என்பதால் நான் இதை ஆதரிக்கிறேன். அதே நேரத்தில், மலைக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவர் வேண்டும் என்ற கோரிக்கையை இது எந்த வகையிலும் பின்னுக்குத் தள்ளக் கூடாது. இரண்டையும் கேட்க வேண்டும்.

16. தமிழ் மீடியத்துல படிக்கிற பிள்ளை இஸ்ரோவுல சேர முடியுமா?

முடியும். மங்கள்யானின் திட்டத்தை வழிநடத்திய மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்து அரசுப் பள்ளியில் படித்தவர். சந்திரயான்-3-இன் திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல் பாலிடெக்னிக்கில் பட்டயப் படிப்பு முடித்து மேலே போனவர். பொறியியல் பட்டம் பெற்றபின் இஸ்ரோவின் எழுத்துத் தேர்வு வழியாகவும், பட்டயம் அல்லது ஐ.டி.ஐ. முடித்துத் தொழில்நுட்பப் பணிகள் வழியாகவும் சேரலாம். திருவனந்தபுரத்தில் விண்வெளி அறிவியலுக்கென்றே ஒரு கல்வி நிறுவனமும் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இஸ்ரோ நடத்தும் யுவிகா பயிற்சியில் கிராமப்புற மாணவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. மலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் அதன் அறிவிப்பைக் கவனிக்க வேண்டும்.

17. செவ்வாய்க்குத் திரும்பி வராட்டியும் பரவாயில்ல, போறேன்னு சிலர் சொல்றாங்களே. அப்படி அனுப்பினா சுலபமா முடிஞ்சிடும்ல?

போவதே சுலபமன்று. புவியும் செவ்வாயும் ஏற்ற நிலைக்கு வருவது 26 மாதங்களுக்கு ஒருமுறை. ஒருவழிப் பயணம் ஆறு முதல் ஒன்பது மாதம். எடையின்மையில் எலும்பு மாதத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு தேய்கிறது. செவ்வாயின் காற்று நம் காற்றில் நூற்றில் இரண்டு பங்கு அடர்த்திகூட இல்லாததால், பாராசூட் மட்டும் போதாது. இதுவரை அங்கே இறக்கிய ஊர்திகளில் மிகக் கனமானது ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள பெர்சிவியரன்ஸ். மனிதர் வாழ அதைப் போல் பல மடங்கு இறக்க வேண்டும். பன்னிரண்டாம் பதிலில் சொன்ன சூரியப் புயல் இந்தப் பயணத்தில் வழியெல்லாம் உடன் வரும்.

ஆனாலும் திரும்புவதை விட்டுவிடலாம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 1961 மே மாதம் அமெரிக்க அதிபர் கென்னடி நிலவு இலக்கை அறிவித்தபோதே, மனிதரை இறக்குவதோடு பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவதையும் சேர்த்துத்தான் அறிவித்தார். திரும்ப வேண்டியிருந்ததால்தான் தனி ஏறுகலமும், நிலவுச் சுற்றுப்பாதையில் காத்திருந்து அதனோடு இணைந்த தாய்க்கலமும் உருவாயின. அந்த நிபந்தனையை நீக்கிவிட்டால் அனுப்புகிறவர்களின் பொறுப்புதான் முதலில் குறையும். ஒரு விபத்து நேர்ந்தால் அதை விபத்து என்றே கருதாத நிலை வந்துவிடும்.

செவ்வாயிலிருந்து திரும்புவதற்கான வழியைத் தேடும் வேலை தொடங்கிவிட்டது. பெர்சிவியரன்ஸில் இருந்த மாக்ஸி என்ற சிறு கருவி, 2021 முதல் 2023 வரை செவ்வாயின் கரியமில வாயுவிலிருந்து மொத்தம் 122 கிராம் ஆக்சிஜனை உண்டாக்கியது. நான்கு பேரைச் செவ்வாயின் தரையிலிருந்து மேலே ஏற்றும் ராக்கெட்டுக்கு ஏறத்தாழ 25 டன் ஆக்சிஜன் தேவைப்படும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவு ஆக்சிஜனை உண்டாக்கும் பெரிய கருவியை முதலில் அங்கே அனுப்பி, ஆக்சிஜன் நிரம்பிய தொட்டி தயாராக இருப்பதை உறுதிசெய்த பிறகு ஆளை அனுப்புவதுதான் இப்போது பேசப்படும் முறை.